சின்ன உடம்புதானே... 800 கலோரி போதாதா?

க்ரூப் ஃபோட்டோ எடுக்கும்போது எப்பவும் முதல் வரிசைக்குத் தள்ளப்படுற ஆளா நீங்க? பஸ்ஸில் மேல் கம்பி எட்டாமல் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே காலேஜ் போறவரா? புது பேன்ட் எடுத்தா நாலு இன்ச் மடிச்சுத் தைக்கச் சொல்லி டெய்லர் கடைக்கு ஓடுற கேஸா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உயரமான ஃப்ரெண்ட்ஸும் படிக்கலாம், தப்பில்லை. ஏன்னு கடைசியில் தெரியும்.

ஹாஸ்டல் ரூம்களில் ஒரு கணக்கு ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. "2,000 கலோரி எல்லாம் வாட்டசாட்டமா இருக்கிறவங்களுக்கு. நான் நாலடி பத்து அங்குலம். எனக்கு 800 போதும்!" காலையில் பால் இல்லாத காபி, மதியம் ஒரு ஆப்பிள், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. 'இது ரொம்பக் கம்மிப்பா' என்று யாராவது சொன்னால், 'என் சைஸுக்கு இதுவே ஜாஸ்தி' என்று பதில் ரெடி. ஸ்கூட்டிக்கு எதுக்கு லாரி டேங்க் என்பதுதான் லாஜிக்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. அதனால அட்வைஸ் வேண்டாம், அந்தக் கணக்கையே உட்கார்ந்து போட்டுப் பார்த்துடலாமா?

பாதி உண்மை

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். சின்ன உடம்புக்குத் தேவை குறைவுதான். நீங்கள் நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதற்கான அடிப்படைச் செலவு ஆளுக்கு ஆள் மாறும். 1990-ல் வந்த மிஃப்லின் ஃபார்முலாவைத்தான் இன்றைக்கும் டயட்டீஷியன்கள் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். கால்குலேட்டர் எடுங்க.

பெண்களுக்கு: எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்க. உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்க. வயதை 5-ஆல் பெருக்கிக் கழிங்க. அதிலிருந்து இன்னொரு 161-ஐக் கழிங்க. (பையன்களுக்கு 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்டணும்.)

19 வயது, 147 செ.மீ. (அதாவது நாலடி பத்து அங்குலம்), 42 கிலோ இருக்கிற ஒரு பொண்ணுக்கு விடை சுமார் 1,083. இது படுத்தே கிடப்பதற்கான செலவு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் ஏறத்தாழ 1,300. பஸ் பிடிச்சு, மாடி ஏறி, லேபில் நின்னு, கேன்டீனுக்கு நடந்து என்று வழக்கமான காலேஜ் நாள் என்றால் சுமார் 1,500.

ஆக, 2,000 வேண்டாம் என்பது சரி. ஆனால் 800? படுத்துக் கிடப்பதற்கே அது பத்தாது!

மீதிப் பாதி

இப்போ பக்கத்து பெஞ்சில் இருக்கிற உயரமான தோழியைப் பார்ப்போம். அதே 19 வயசு, 170 செ.மீ., 60 கிலோ. அடிப்படைச் செலவு சுமார் 1,400. காலேஜ் நாள் செலவு சுமார் 1,970. 'தினமும் 500 கலோரி குறைச்சா வாரம் அரை கிலோ குறையும்' என்கிற பிரபலமான ரூலை ரெண்டு பேரும் பிடிச்சுக்கிறாங்கன்னு வைங்க.

உயரமான தோழிக்கு மிச்சம் 1,470. அடிப்படைச் செலவுக்கு மேலேதான் நிற்கிறார். நம்ம குட்டித் தோழிக்கு மிச்சம் சுமார் 1,000. அடிப்படைச் செலவுக்கும் கீழே போயாச்சு.

டயட்டும் ஒண்ணு, கட் பண்ணதும் ஒண்ணு. ஒருத்தருக்கு அது சிக்கனம், இன்னொருத்தருக்குப் பட்டினி. ஸ்கூட்டி உதாரணத்தையே எடுத்துக்குவோம். சின்ன டேங்க்தான், சரி. ஆனா சின்ன டேங்க்கில்தான் ரிசர்வும் சீக்கிரம் வரும்!

எடையிலும் இதே கதைதான். பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே போனால் 'எடை குறைவு' என்று அர்த்தம். 147 செ.மீ. உயரத்துக்கு அந்தக் கோடு 40 கிலோ. 42 கிலோ பொண்ணுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் 2 கிலோ. மேலே சொன்ன உயரமான தோழிக்கோ ஆறு கிலோவுக்கும் மேல் இடைவெளி இருக்கு.

மின்னசோட்டாவில் நடந்தது

'கம்மியா சாப்பிட்டா அப்படி என்னதான் ஆகிடும்?' என்பதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944 நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது சராசரியாக 1,570 கலோரி. கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை.

எடை கால்வாசி குறைந்தது. அதோடு நிற்கவில்லை. நாடித்துடிப்பு மந்தமானது. வெயில் காலத்திலும் குளிரெடுத்தது. முடி கொட்டியது. எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காத மனநிலை. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கனவிலும் நினைவிலும் சாப்பாடுதான். (டயட்டில் இருக்கும் உங்க ரூம்மேட் நள்ளிரவில் பிரியாணி வீடியோவா பார்த்துத் தள்ளுறாரா? யோசிங்க.)

'அட, அவங்க பெரிய உடம்பு ஆம்பளைங்க' என்கிறீங்களா? கரெக்ட். ஆரம்பத்தில் அவர்களின் சராசரி எடை சுமார் 69 கிலோ. அந்தச் சாப்பாட்டை அப்படியே 42 கிலோவுக்குச் சுருக்கிப் பாருங்க. வருவது சுமார் 950 கலோரி. அதாவது, சைஸ் பார்த்துக் கணக்குப் போட்டாலும் உங்க 800, உலகப் புகழ்பெற்ற பட்டினி ஆய்வை விடவும் குறைவு!

உடம்பு எதை முதலில் நிறுத்தும்?

வீட்டில் பணம் தட்டுப்பாடானால் அம்மா என்ன செய்வார்? வாடகையையும் அரிசியையும் விட்டுவிட்டு, புதுத் துணி, சினிமா எல்லாவற்றையும் நிறுத்துவார். உடம்பும் அப்படித்தான். இதயமும் மூளையும் ஓடணும், மற்றதெல்லாம் அப்புறம். பெண்களுக்கு முதலில் கை வைக்கப்படும் இடங்களில் ஒன்று மாதவிடாய்.

ஒகையோ பல்கலைக்கழகத்தின் ஆன் லவுக்ஸ் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கொழுப்பு நீக்கிய உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்கும் கீழே போனபோது, இளம்பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சியை இயக்கும் ஹார்மோனின் தாளம் ஐந்தே நாட்களில் தடுமாறியது. உடற்பயிற்சியில் எரித்ததைக் கழித்த பிறகு மிஞ்சும் கலோரி கணக்கு இது.

42 கிலோவில் கொழுப்பு போக 32 கிலோ என்று வைத்தால், அந்தக் கோடு 960. 800 சாப்பிடுபவர் நடக்கவே வேண்டாம், கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார். 1,200 சாப்பிட்டுவிட்டு ஜிம்மில் 300 எரித்தால்? மிஞ்சுவது 900. அவரும் கீழேதான்!

பீரியட்ஸ் நின்றால் 'தொல்லை விட்டது' என்று சந்தோஷப்படாதீங்க. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். எலும்பு தன் முழு வலிமையைச் சேமித்துக்கொள்வது இந்த இருபதுகளில்தான். இப்போ போடாத டெபாசிட்டை ஐம்பது வயதில் எடுக்க முடியாது.

கடுகு சிறுத்தாலும்...

காரம் குறையாதுன்னு சொல்வாங்க இல்லையா? சத்து விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. கலோரி வேண்டுமானால் உயரத்தோடு சேர்ந்து குறையும். ஆனால் இரும்பும் கால்சியமும் அதே கணக்கில் குறைவதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி இந்தியப் பெண்ணுக்குத் தினமும் 29 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் வேண்டும். 'ஐந்தடிக்குக் கீழே என்றால் பாதி போதும்' என்று அதில் எங்கேயும் போடவில்லை.

1,500 கலோரியில் இதையெல்லாம் நிரப்புவதே சவால். 800-ல்? சின்னப் பைக்குள் பெரிய குடும்பத்தின் மளிகைச் சாமானைத் திணிக்கிற கதைதான். ஏற்கெனவே 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது நம்மில் பாதிப் பேர் கடனோடுதான் வண்டியையே ஸ்டார்ட் பண்றோம்.

டாக்டர்களே 800 தர்றாங்களே?

நல்ல கேள்வி. தர்றாங்க. ஆனா யாருக்கு? 2017-ல் பிரிட்டனில் வெளியான 'டைரக்ட்' ஆய்வில் சுமார் 850 கலோரி டயட்டால் சர்க்கரை நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் பின்வாங்கியது. அவர்கள் எல்லோருமே பி.எம்.ஐ. 27-க்கு மேல் இருந்தவர்கள். சத்துகளை அளந்து சேர்த்த ஃபார்முலா உணவு, மருத்துவக் கண்காணிப்பு, சில மாதங்கள் மட்டும். அது ஒரு சிகிச்சை. ஒல்லியாக இருப்பவர் அதை எடுப்பது, ஜுரம் இல்லாதவர் ஜுர ஊசி போட்டுக்கொள்வது போல.

கண்காணிப்பு இல்லாமல் போனால்? 1970-களில் அமெரிக்காவில் 300, 400 கலோரி தரும் திரவ புரோட்டீன் டயட் ஒன்று ஃபேஷனாகப் பரவியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவான பிறகுதான் அந்த மோகம் அடங்கியது. இதயத் துடிப்பு தாறுமாறாகிப் போனவர்கள் அதில் பலர்.

ஒரு குட்டிச் சாம்பியன்

கிறிஸ்டி ஹென்ரிச். அமெரிக்க ஜிம்னாஸ்ட். உயரம் அதே நாலடி பத்து. 1988-ல் புடாபெஸ்ட் போட்டியின்போது ஒரு நடுவர், 'ஒலிம்பிக் அணிக்குப் போகணும்னா எடையைக் குறை' என்கிற மாதிரி சொன்னார். கிறிஸ்டி குறைத்தார். 1989 உலக சாம்பியன்ஷிப்பில் அன்ஈவன் பார்ஸில் நான்காம் இடம் வரை வந்தார். ஆனால் குறைப்பதை நிறுத்த அவரால் முடியவில்லை. அனோரெக்சியா என்ற நோயாக அது மாறியிருந்தது. 1994 ஜூலை 26 அன்று, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்துபோனார். 22-வது பிறந்த நாள் முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

டயட் இருக்கிற எல்லோரும் அங்கே போவதில்லை. ஆனால் அங்கே போனவர்களில் பலர் ஒரு சாதாரண டயட்டில்தான் ஆரம்பித்தார்கள்.

அப்போ என்னதான் செய்யறது?

* முதலில் குறைக்கணுமா என்று பாருங்க. 147 செ.மீ. என்றால் 40 முதல் 49 கிலோ வரை நல்ல எடை. அதற்குள் இருந்தால் உங்களுக்கு டயட்டே தேவையில்லை.

* இந்தியர்களுக்கு 23 பி.எம்.ஐ.க்கு மேல் போனால் கவனம் வேண்டும். அப்போதும் 500 வெட்டாதீங்க. 200, 250 போதும். மாதம் ஒரு கிலோ குறையும். மெதுவா இருக்கேன்னு தோணும். சின்ன உடம்புக்கு அதுதான் சரியான ஸ்பீடு.

* முதல் வாரத்தில் 'சர்ர்'ரென்று ரெண்டு கிலோ இறங்கினால் துள்ளிக் குதிக்காதீங்க. பெரும்பாலும் அது தண்ணீர்.

* மெஸ்ஸில் சாதத்தில் ஒரு கரண்டி குறைச்சு, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, கீரை, தயிர் வைங்க. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் தள்ளிப் போடுங்க.

* ட்ரெட்மில்லே கதின்னு கிடக்காமல் எடை தூக்கும் பயிற்சியும் செய்யுங்க. தசை கரையாமல் இருக்க அது உதவும். பயிற்சி நாளில் கூடுதலாகச் சாப்பிடணும்.

* மூன்று மாதம் பீரியட்ஸ் வரலையா? தலைசுற்றல், மயக்கம், படபடப்பு, எப்பவும் குளிர், கொத்துக் கொத்தாய் முடி? டயட்டை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

* மருந்து சாப்பிடுபவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த டயட்டிலும் இறங்க வேண்டாம்.

உயரமான ஃப்ரெண்ட்ஸ்... உங்களுக்கு ஒரு வார்த்தை!

உங்க செட்டில் இருக்கிற குட்டி ஆள் திடீரென்று மெலிந்தால், 'வாவ், சூப்பரா ஸ்லிம் ஆயிட்டே!' என்று கைதட்டாதீங்க. 'எலும்பும் தோலுமா ஆயிட்டே' என்று கிண்டலும் வேண்டாம். ரெண்டுமே அவரைத் தட்டிலிருந்து இன்னும் தள்ளித்தான் உட்கார வைக்கும். 'வா, சாப்பிடப் போலாம்' என்று பக்கத்தில் உட்காருங்க. சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறார், எல்லோரோடும் சாப்பிடுவதைத் தவிர்க்கிறார், எடையைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றால் வீட்டுக்கோ வார்டனுக்கோ நம்பிக்கையான மேடத்துக்கோ சொல்லுங்க. அது போட்டுக்கொடுப்பது இல்லை. 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

நாலடி பத்து அங்குலம் என்பது உங்க உயரம், அவ்வளவுதான். அதுக்காகத் தட்டில் பட்டினியைப் போட்டுக்க வேண்டியதில்லை. மெஸ் மணி அடிச்சாச்சு போலிருக்கே... கிளம்புங்க!