வக்கீலின் கட்சிக்காரர் யார்?

வக்கீல் ஒருவர் அரசின் உயர்பதவிக்குப் போவதும், பிறகு பெரிய நிறுவனத்துக்குத் தலைமை ஏற்பதும் பல நாடுகளில் நடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே ஆள் இருக்கலாமா என்றுதான் பொதுவாகக் கேட்கிறோம். அதைவிட ஆழமாகக் கேட்க வேண்டியது இன்னொன்று: கட்சிக்காரருக்காக வழக்கை வென்று கொடுத்தே பழகிய மனம், அரசு நாற்காலியில் யாரைத் தன் கட்சிக்காரராக நினைக்கிறது? அமெரிக்காவின் ஜான் மெக்லாய் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது.

1895-இல் பிலடெல்பியாவில் பிறந்த மெக்லாய், சிறுவயதில் தந்தையை இழந்து, சிகை அலங்காரத் தொழில் செய்த தாயால் வளர்க்கப்பட்டவர். ஹார்வர்டில் சட்டம் படித்து, நியூயார்க்கில் பெரும் நிறுவனங்களின் வக்கீலானார். 1941-இல் போர்த் துறையின் உதவிச் செயலர், 1947-இல் உலக வங்கித் தலைவர், 1949-இல் மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க உயர் ஆணையர், 1953-இல் சேஸ் வங்கியின் தலைவர் என்று பதவிகள் தொடர்ந்தன. இந்தப் போக்குவரத்தால் நாட்டுக்குப் பயன் இல்லாமல் இல்லை. உலக வங்கி 1947 ஜூலையில் முதன்முதலாக 25 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டபோது, முதலீட்டாளர்கள் அதை நம்பி வாங்கினார்கள். வால் ஸ்ட்ரீட்டின் மனம் அறிந்த ஒருவர் தலைமையில் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதே திறமை வேறொரு வேலையும் செய்தது. 1942-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி, மேற்குக் கடலோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். போர்த் துறையில் இதற்கு முக்கியப் பொறுப்பாளி மெக்லாய். விசுவாசமானவர்களைப் பிரித்தறியவே முடியாது, எவ்வளவு அவகாசம் இருந்தாலும் பயனில்லை என்று மேற்குக் கடலோரப் படைத் தளபதி டெவிட்டின் 1943 அறிக்கை சொன்னது. நீதிமன்றத்தில் அரசு வைத்த வாதமோ, விசாரிக்க நேரமில்லை என்பது. இரண்டும் முரண்பட்டதால் மெக்லாய் அறிக்கையைத் திருத்த வைத்தார். பழைய பிரதிகளை எரிக்க உத்தரவானது. 1944-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. எரியாமல் தப்பிய பிரதி ஒன்று 1982-இல் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த ஃபிரெட் கொரமாட்சுவின் தண்டனையை அடுத்த ஆண்டே கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. எதிர்த்தரப்புக்கு உதவும் தாளை முந்திக்கொண்டு காட்ட எந்தத் தனியார் வக்கீலும் விரும்பமாட்டார். அரசில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. முகாமில் அடைபட்டவரும் அவருடைய கட்சிக்காரர்தான்.

போர்க்கால அச்சத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்கலாம். அன்றே கண்முன் மாற்று இருந்தது. ஜப்பானின் தாக்குதலுக்கு நேரடியாக ஆளான ஹவாயில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். அங்கே அவர்கள் மொத்தமாக அடைக்கப்படவில்லை. அப்படியானால் நிறுவன வக்கீல்களுக்கு அரசின் கதவையே சாத்திவிடலாமா என்பது அடுத்த கேள்வி. அதுவும் தீர்வாகாது. மெக்லாய் அந்த அறிக்கையைத் திருத்தியது எந்த வங்கியின் லாபத்துக்காகவும் அல்ல. அரசின் வழக்கு தோற்கக் கூடாது என்பதற்காக. வாழ்நாள் முழுக்க அரசிலேயே இருந்த ஒருவரும் அதைச் செய்திருக்கலாம்.

எதிர்த்திசையில் உள்ள ஆபத்தையும் மறுப்பதற்கில்லை. 1971-இல் எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒபெக் நாடுகளுடன் பேரம் பேசவிருந்தன. ஏகபோகத் தடைச் சட்டம் அவற்றின் மேல் பாயாது என்ற உறுதியை நீதித் துறையிடமிருந்து பெற்றுத் தந்தவர் அவற்றின் வக்கீல் மெக்லாய். பதவி விலகியவர்கள் பழைய செல்வாக்கைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 1978-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அது தேவையான வேலி. ஆனால் பதவியில் இருக்கும்போதே உண்மையை மறைப்பவரை அந்த வேலி தடுக்காது. அதற்கு வேண்டியது, எந்தக் கோப்பையும் அழிக்க விடாத விதியும், தனக்குப் பாதகமான ஆதாரத்தையும் அரசு நீதிமன்றத்தில் வைத்தே ஆகவேண்டும் என்ற கடமையும். அரசுப் பொறுப்பேற்க வரும் வக்கீல் முன்பு யாருக்காக வாதாடினார் என்று விசாரிப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் அவர் கட்டுப்படுகிறாரா என்பதைக்கொண்டே அவரை எடைபோட வேண்டும்.