எல்லாத்துக்கும் ஸ்கேன்... சரி, நெட்வொர்க் போனா?

டீக்கு 15 ரூபாய், ஷேர் ஆட்டோவுக்கு 20, வாசல்ல பூக்கார அக்காவுக்கு 30. எல்லாமே ஸ்கேன்தான். கடைசியா எப்போ ஏடிஎம் போனீங்க? யோசிச்சுப் பாருங்க, பலருக்கு ஞாபகமே வராது.

2016-ல் வந்த யுபிஐ, 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. சில்லறைக்குப் பதிலா மிட்டாய் வாங்கிட்டு வர்ற கதை முடிஞ்சுபோச்சு. வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுப் பணம் எல்லாத்துக்கும் தேதியோட ஆதாரம் இருக்கு. இதெல்லாம் உண்மையான வசதிதான், மறுக்க முடியாது.

ஆனா சம்பளம் வாங்குற நமக்கு இதில் முதல் ரிஸ்க் மோசடி இல்லைங்க, செலவு. 2001-ல் வெளியான எம்ஐடி ஆய்வு ஒன்றில் பாஸ்கெட்பால் டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். 500 ரூபாய் நோட்டை மாற்றும்போது மனசு ஒரு நொடி தயங்கும். பின் நம்பர் அடிக்கும்போது அந்தத் தயக்கம் வராது. ஆபீஸ் நாளில் தினமும் 80 ரூபாய் ஸ்நாக்ஸ்னு வெச்சா, 25 நாளில் 2,000 ரூபாய். ஒரு எஸ்ஐபி தொகை!

அதனால சம்பள அக்கவுண்ட்டை யுபிஐ ஆப்பில் இணைக்காதீங்க. தனியா ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் திறந்து, 1-ஆம் தேதி செலவுக்கான தொகையை மட்டும் அதுக்கு மாத்துங்க. தீர்ந்தா தீர்ந்ததுதான். இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கு. யாரோ யாரையோ ஏமாத்தின பணம் கை மாறி உங்க கணக்குக்கு வந்தாக்கூட, சைபர் கிரைம் புகாரில் அந்தக் கணக்கு முடக்கப்படலாம். அது சம்பளக் கணக்கா இருந்தா இஎம்ஐ, வாடகை எல்லாமே நிக்கும்.

மோசடி பத்தி ரெண்டே விஷயம். பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டா அது திருட்டு. பணம் போயிடுச்சுன்னா உடனே வங்கிக்கும் 1930-க்கும் போன் பண்ணுங்க. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்க மேலயும் வங்கி மேலயும் தவறு இல்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. பின்னையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தா, வங்கியிடம் சொல்லும்வரை போன பணம் உங்க தலையில்தான்.

அப்புறம் நெட்வொர்க். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ரெண்டு நாளும் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருந்தவங்களைக் கேளுங்க: கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பால் பாக்கெட் வாங்க நோட்டு வேணும். ரொக்கத்தைக் கிட்டத்தட்ட மறந்துவிட்ட ஸ்வீடனில்கூட, 2024-ல் வீடு வீடா அரசு அனுப்பிய நெருக்கடிக் கையேடு கொஞ்சம் ரொக்கம் வெச்சிருக்கச் சொல்லுது.

ஒரு வாரச் செலவுக்கான பணம் வீட்டில் இருந்தா போதும். அதுக்கு மேல வேண்டாம், பீரோவில் தூங்குற பணத்துக்கு வட்டி கிடையாது. எல்லாத்தையும் 500 ரூபாய் நோட்டா வெச்சுடாதீங்க. மழை நாளில் பால்காரர்கிட்ட சில்லறை இருக்காது. 50, 100 நோட்டும் கலந்து வாங்கி வைங்க.