விரால் மீனின் இனப்பெருக்கக் காலமும் வளர்ச்சியும்

இலங்கையின் உலர் வலயத்துக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் நெல்வயல்களிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மீன்களுள் விரால் தலைசிறந்தது. பழைய தமிழ் நூல்கள் இதனை வரால் என வழங்கும். சிங்கள மக்கள் லூலா என்பர். முட்கள் குறைந்த தசையை உடைமையாலும் சுவையாலும் சந்தையில் இதற்கு நல்ல விலை உண்டு. 1952ஆம் ஆண்டிலே திலாப்பியா மீன் நம் குளங்களிற் கொண்டுவந்து விடப்பட்டது. அதன் பின்னர்ப் பெருங்குளங்களிற் பிடிபடுவனவற்றுள் பெரும்பகுதி அவ்வினமே ஆயினும், விராலின் மதிப்புக் குறையவில்லை.

விரால் எப்பொழுது முட்டையிடுகின்றது, அதன் குஞ்சு எவ்வளவு காலத்தில் உணவுக்குரிய மீனாகின்றது என்பவற்றைக் குளக்கரையில் தூண்டிலுடன் அமர்ந்திருப்போர் தம் கண்ணாலேயே அறியலாம். அவ்வறிவைப் பயன்படுத்தினால் குளத்தின் விளைவு பெருகும்; புறக்கணித்தால் ஒரு மீனுக்காக ஓராண்டின் குஞ்சுக் கூட்டம் முழுவதையும் இழக்க நேரிடும்.

விராலின் இயல்பு

விரால் பூக்களால் மட்டும் சுவாசிப்பதில்லை. தலையினுள் பூக்களுக்கு மேலே அமைந்த அறைகளின் உதவியால் வளியையும் நேரே சுவாசிக்கும். ஆதலின் இடையிடையே நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து மூழ்குவதைக் காணலாம். மேலே வர இயலாதவாறு வலையில் அகப்பட்ட விரால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும். ஆயின், நீர் வற்றியவிடத்து ஈரச் சேற்றினுள் புதைந்து கிடந்து மழையை எதிர்பார்த்திருக்கும். மழையிரவுகளில் ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். கோடையில் வறண்டு கிடந்த சிறுகுளத்திலே முதல் மழைக்குப்பின் விரால் காணப்படுவதன் காரணம் இதுவே.

இனப்பெருக்கக் காலம்

முட்டை கொண்ட விரால் ஆண்டின் பல மாதங்களிலும் அகப்படக்கூடும். எனினும் மழை பெய்து, குளத்தின் ஓரங்களும் புல்வெளிகளும் நீரில் மூழ்கும் காலமே அது மிகுதியாகக் குஞ்சு பொரிக்கும் காலமாகும். உலர் வலயத்தில் ஒக்டோபர் மாதத்தில் மழை தொடங்கி, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்றுடன் சனவரி வரை நீடிக்கும். ஆகவே பெரும்போகத்துக்கு வயல் உழுது விதைக்கும் நாட்களும் விரால் கூடமைக்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன.

குளிர்நாட்டு ஆற்றுமீன்களோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் நன்று. இங்கிலாந்தின் ஆறுகளில் வாழும் சப் என்னும் மீன், இளவேனில் முடிந்து நீர் சூடேறும் மே, யூன் மாதங்களில் பருக்கைக் கற்களின் மேல் முட்டையிடும். முட்டைகள் கற்களில் ஒட்டிக்கொள்ளும். தாய் அவற்றைக் காவாது நீங்கிவிடும். அந்நாட்டு ஆறுகளில் மார்ச்சு 15 முதல் யூன் 15 வரை இத்தகைய மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. நாட்காட்டியைப் பார்த்தே அங்குத் தூண்டிலை எடுத்து வைக்கலாம். விராலோ மழையைப் பார்த்து முட்டையிடுகின்றது. மழையும் ஆண்டுதோறும் ஒரே நாளில் வருவதன்று. மேலும், விராலின் குஞ்சுகளுக்கு முட்டை பொரித்த பின்னரும் பெற்றோரின் காவல் வேண்டும். ஆகவே இங்கு நாட்காட்டி போதாது. நீரிலே காணும் அடையாளங்களையே நாட்காட்டியாகக் கொள்ளல் வேண்டும்.

கூடும் முட்டைகளும்

ஆணும் பெண்ணும் ஆழமற்ற ஓரத்தில், நீர்ப்பூண்டுகளை விலக்கி வட்டமான ஒரு வெளியை அமைக்கும். அது பெரும்பாலும் ஒரு சுளகின் அளவினதாக இருக்கும். பொன்மஞ்சள் நிறமுடைய முட்டைகள் அவ்வெளியில் மிதக்கும். ஒவ்வொரு முட்டையிலும் எண்ணெய்த்துளி ஒன்று இருப்பதே அவை மிதப்பதற்குக் காரணமாகும். முட்டை 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை குறுக்களவுடையது. நம் நாட்டு வெப்பத்தில் ஒன்றிரண்டு நாட்களில் அவை பொரித்துவிடும். அடுத்த சில நாட்களுக்குக் குஞ்சுகள் தம் உடலோடு ஒட்டியுள்ள கருவூணை உண்டு வாழ்ந்து, பின்னர் நீரிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்னத் தொடங்கும்.

குஞ்சின் நிறம் காட்டும் வயது

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் செம்மஞ்சள் நிறமுடையனவாய் ஒன்றோடொன்று நெருங்கித் திரியும். பல நூறு குஞ்சுகள் ஒருங்கே மேலெழுந்து மூழ்கும்பொழுது, உலையில் நீர் கொதிப்பது போன்ற தோற்றம் உண்டாகும். அக்கூட்டத்தின் கீழே, அல்லது சற்று அப்பால், பெற்றோர் காவல் நிற்கும்.

ஏறக்குறைய 4 அல்லது 5 சதமமீற்றர் நீளம் வளர்ந்ததும் செந்நிறம் மங்கிப் பசுமை கலந்த கபில நிறம் தோன்றும். பொரித்ததிலிருந்து இதற்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை செல்லும். அதன் பின்னர்க் கூட்டம் கலைந்து, குஞ்சுகள் தனித்தனியே இரை தேடும். சுருங்கக் கூறின், செந்நிறக் கூட்டம் காவற் காலத்தைக் குறிக்கும். நிறம் மாறிப் பிரிந்த குஞ்சுகள் அக்காலம் முடிந்ததைக் குறிக்கும்.

காவல் மீனைப் பிடிப்பதால் வரும் இழப்பு

குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டிலை எறிந்தால் பெரிய விரால் உடனே பாய்ந்து கவ்வும் என்பது தூண்டிற்காரர் யாவரும் அறிந்ததே. அது பசியினாற் கவ்வுவதன்று. குஞ்சுகளை அணுகும் எதனையும் துரத்தும் இயல்பினாற் கவ்வுவதாகும். எளிதில் அகப்படுவதால் பலர் இக்காலத்தையே விரும்புகின்றனர். ஆயின் காவல் நீங்கிய சிறிது நேரத்திலேயே மற்ற மீன்களும் நீர்ப்பறவைகளும் குஞ்சுகளை உண்ணத் தொடங்கும். வேறு விரால்களும் அவற்றை விட்டுவைப்பதில்லை. கரப்பினாலோ அத்தாங்கினாலோ குஞ்சுக் கூட்டத்தை முழுதாக வாரியெடுத்தலும் இத்தகைய தீங்கே.

ஒரு காவல் மீனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நேரக் கறி கிடைக்கும். அதே மீனை ஒன்றரை மாதம் விட்டுவைத்தால், காவல் முடிந்தபின் அதனையும் பிடிக்கலாம். அடுத்த கோடையில் அதன் குஞ்சுகளுள் எஞ்சியவற்றையும் பிடிக்கலாம்.

வளர்ச்சி

தனித்த குஞ்சுகள் முதலில் பூச்சிகளையும் சிறிய இறால்களையும் தலைப்பிரட்டைகளையும் உண்டு, பின்னர் மீன்களையும் தவளைகளையும் உண்ணும். இரை மிகுந்த குளத்தில் ஓராண்டில் 25 முதல் 30 சதமமீற்றர் வரை வளரும். அவ்வளவு வளர்ந்த மீனே முதன்முறை முட்டையிடத் தக்கதாகும். இரை குறைந்த சிறுகுளத்தில் இதனினும் குறைவாகவே வளரும். ஆதலின் ஒரு மீனின் பருமனை மட்டும் கண்டு அதன் வயதைத் துணிதல் கூடாது.

நீளம் இருமடங்காகும்பொழுது நிறை ஏறக்குறைய எண்மடங்காகும் என்பதைத் தூண்டிற்காரர் நினைவிற் கொள்ளல் வேண்டும். 20 சதமமீற்றர் நீளமுள்ள விரால் 70 கிராம் அளவு நிறுக்கும். 30 சதமமீற்றர் மீன் கால் கிலோகிராமை அண்மிக்கும். 40 சதமமீற்றர் மீனோ அரைக் கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். இளமீனைப் பிடிப்பவர் நீளத்திற் பாதியை இழப்பதாக எண்ணுவர். உண்மையில் அவர் நிறையில் எட்டில் ஏழு பங்கை இழக்கின்றார். அம்மீன் ஒருமுறையேனும் முட்டையிடாது போவது அதற்கும் மேலான இழப்பு.

குறிப்பெழுதும் முறை

வளர்ச்சியை அறிய விரும்புவோர் ஒரு கொப்பியில் திகதி, இடம், மழை நிலை, மீனின் நீளம், வயிற்றில் முட்டை உண்டா இல்லையா, காணப்பட்ட குஞ்சுகளின் நிறம் ஆகியவற்றைப் பதிந்து வரலாம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நீளத்தை அளத்தல் வேண்டும். ஒரு மாதத்திற் பிடித்த மீன்களை நீள வரிசையில் அடுக்கினால், சில நீளங்களில் மீன்கள் மிகுந்தும் சிலவற்றிற் குறைந்தும் இருப்பது புலப்படும். மிகுந்திருக்கும் ஒவ்வொரு தொகுதியும் பெரும்பாலும் ஒரே பருவத்திற் பொரித்தவற்றைக் குறிக்கும். அத்தொகுதி மாதந்தோறும் எவ்வளவு நீளத்துக்கு நகர்கின்றது என்பதே அக்குளத்து விராலின் வளர்ச்சியாகும். ஒரு குளத்தைச் சார்ந்த பலர் சேர்ந்து எழுதினால் இது மேலும் தெளிவாகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் காணுமிடத்தில் தூண்டில் எறிதலும் வலை வீசுதலும் கூடாது. நிறம் மாறிக் குஞ்சுகள் பிரியும் வரை அவ்விடத்தை விட்டு விலகுக.

2. குஞ்சுக் கூட்டத்தை வாரியெடுப்பதைச் சிறுவர்க்கும் விலக்குக.

3. 30 சதமமீற்றருக்குக் குறைந்த விராலை உயிருடன் நீரில் விடுக. கைகளை நனைத்துக்கொண்டு பிடித்துக் கொக்கியை மெல்லக் கழற்றினால் மீன் பிழைக்கும்.

4. கோடையில் முற்றாக வற்றும் சிறுகுளங்களுக்கு மூன்றாம் விதி பொருந்தாது. அங்கு விரால் வளர்ந்தவரை பிடித்துக்கொள்ளலாம். எனினும் ஆழமான ஒரு மடுவையேனும் கலக்காது விடுதல் வேண்டும். அடுத்த மழைக்குக் குஞ்சு தருவன அதில் எஞ்சியவையே.

5. வயலில் குஞ்சுக் கூட்டம் காணப்படின், பூச்சிநாசினி தெளிக்குமுன் அவ்வயலின் நீர் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் செல்லாதவாறு வரம்பை அடைத்துக்கொள்க. தேவையின்றித் தெளித்தலை எப்பொழுதும் தவிர்க்க.

6. ஒரு குளத்தில் மீன்பிடிப்போர் அனைவரும் ஒன்றுகூடி இவ்விதிகளை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். ஒருவர் விட்ட மீனை மற்றொருவர் மறுநாளே பிடிப்பாராயின் பயன் விளையாது.

விதைநெல்லை உண்ணாது காப்பதைக் கமக்காரர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குஞ்சுகளோடு நிற்கும் விராலும் குளத்தின் விதைநெல்லே என்பதை உணர்ந்து காத்தல் வேண்டும்.