ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் பொருள் தருவார் யார்?



ஊருக்கு ஒரு பூங்கா வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று கேட்டால்தான் கருத்து வேற்றுமை தோன்றுகிறது. வரிப்பணத்தைக் கொண்டு அரசாங்கமே அமைக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். பொருள் படைத்த தனியாரிடம் விட்டுவிடலாம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் நடுவே வேறொரு வழியும் உண்டு. நிலம் பொதுமக்களுடையதாகவே இருக்க, அதன் சிறு பகுதியைத் தனியாருக்கு நீண்ட காலக் குத்தகைக்குத் தந்து, அதனால் வரும் வருவாயைக் கொண்டு எஞ்சிய பெரும்பகுதியைப் பேணுவதே அவ்வழியாகும். இதனைப் பொது-தனியார் கூட்டு முயற்சி என்று வழங்குகின்றனர். இதன் நன்மை யாது, இடர் யாது என்பதை நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பாலப் பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியையும் புரூக்ளின் பகுதியையும் ஈஸ்ட் ஆறு பிரிக்கின்றது. பெயரால் அஃது ஆறு. உண்மையில் கடல்நீர் ஏறி இறங்கும் ஒரு நீரிணை. அதன்மேல் 1883ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது புகழ்பெற்ற புரூக்ளின் பாலம். பாலத்தின் அடியில், புரூக்ளின் கரையோரத்தில், சரக்குக் கப்பல்கள் வந்து நிற்பதற்காக நீருக்குள் நீட்டிக் கட்டிய துறைமேடைகள் இருந்தன. 1950களின் பிற்பகுதி முதல் கப்பல் வாணிகம் பெரிய மாறுதல் அடைந்தது. மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்கிய முறை போய், இரும்புப் பெட்டகங்களில் அடைத்து அனுப்பும் முறை வந்தது. பெட்டகங்களை அடுக்கி வைக்கப் பரந்த வெளி வேண்டும். புரூக்ளின் கரையில் அதற்கு இடமில்லை. வாணிகம் நியூ ஜெர்சிப் பக்கம் சென்றது. 1983இல் இத்துறைமேடைகளில் சரக்குப் போக்குவரவு நின்றது.

பயன் ஒழிந்த நிலத்தை விற்றுவிடத் துறைமுக ஆணையம் முற்பட்டது. அருகில் வாழ்ந்த மக்கள் அதனை ஒப்பவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாகக் கிடங்குகளும் மதில்களும் மறைத்திருந்த நீர்க்கரை, மறைப்பு நீங்கும் காலத்தில் மீண்டும் சிலருடைய உடைமையாகிவிடக் கூடாது என்று வாதாடினர். கூட்டம் கூட்டினர்; சங்கம் அமைத்தனர்; பூங்கா எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்குப் பதின்மூன்று கொள்கைகளை வகுத்து 1992இல் வெளியிட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்ற பின்னர், 2002இல் மாநில ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கியும் நகர மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கும் பூங்கா அமைப்பதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

அவ்வுடன்படிக்கையின் அமைப்பே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பூங்காவை அமைக்கும் செலவை அரசுத் தரப்பு ஏற்றது. தொடக்கத்தில் துறைமுக ஆணையம் 8.5 கோடி டாலரும் நகராட்சி 6.5 கோடி டாலரும் தருவதாக ஒப்புக்கொண்டன. பின்னர்ச் செலவு வளர, நகராட்சி மேலும் பொருள் தந்தது. ஆனால் அமைத்த பூங்காவைப் பேணும் செலவுக்கு வேறு ஏற்பாடு செய்யப்பட்டது. அச்செலவைப் பூங்காவே ஈட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு பகுதி நிலத்தில் வீடுகளும் தங்கும் விடுதியும் கடைகளும் எழலாம். எனினும் நிலத்தின் நூற்றுக்கு எண்பது பங்கேனும் திறந்த வெளியாகவே நிற்றல் வேண்டும் என்று எல்லை வகுத்தனர்.

அமைப்பதற்கு ஒரு வழியும் பேணுவதற்கு வேறொரு வழியும் ஏன் என்று நீங்கள் வினவலாம். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், புதிய வகுப்பறை கட்டித் தருவதற்கு முன்வந்த செல்வர் உண்டு. முகப்பில் கல் பதித்துப் பெயர் பொறிக்கலாம் அல்லவா? ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதற்கும் ஒழுகும் குழாயை மாற்றுவதற்கும் பொருள் தருவாரைக் காண்பது அரிதாக இருந்தது. குழாயின் திருகில் பெயர் பொறிக்க இடமில்லை. பள்ளிக்குப் பொருந்தும் இவ்வுண்மை பூங்காவுக்கும் பொருந்தும். திறப்பு விழா ஒரு நாள். பேணும் பணியோ என்றும் உள்ளது.

புரூக்ளின் பூங்காவில் அப்பணி எத்தகையது என்பதை அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். துறைமேடைகளைத் தாங்கி நிற்பவை நீருள் இறக்கிய 12,000க்கும் மேற்பட்ட மரத்தூண்கள். மரத்தைத் துளைத்து உண்ணும் கடலுயிர்கள் அவற்றை அரித்து வருகின்றன. அவற்றுள் ஒன்று கப்பற்புழு. பெயர்தான் புழு, இனத்தால் அது சிப்பியைச் சேர்ந்தது. முற்காலத்தில் ஆற்றில் கழிவு மிகுந்து, நீரில் உயிர்வளி குன்றியிருந்தமையால், இவ்வுயிர்கள் அங்கே செழிக்கவில்லை. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தபின் நீர் மெல்ல மெல்லத் தெளிந்தது, மீன்கள் மீண்டன, மரத்தை உண்ணும் உயிர்களும் உடன் மீண்டன. அரிபட்ட தூண்களைச் சுற்றிக் கற்காரை உறை இட்டுக் காக்க வேண்டும். மேலே புல்வெளியில் விளையாடும் சிறுவருக்குத் தெரியாத இச்செலவே பூங்காவின் பெருஞ்செலவுகளுள் ஒன்று.

வருவாய் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். குத்தகை நிலத்தில் எழுந்த கட்டடங்கள் பூங்காவுக்கு நிலவாடகை செலுத்துகின்றன. அதனோடு, நகரக் கருவூலத்துக்குச் செலுத்த வேண்டிய சொத்துவரிக்கு ஈடான தொகையையும் பூங்காவுக்கே செலுத்துகின்றன. ஆகவே ‘தனியார் பணத்தால் நடக்கும் பூங்கா’ என்று கூறுவது முழு உண்மையன்று. நகரம் முழுவதற்கும் சென்றிருக்கக் கூடிய வரியில் ஒரு பகுதி இப்பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இலவசமாக வந்ததுபோல் தோன்றும் பொருளுக்கும் ஒரு விலை உண்டு என்பதை மாணவர்கள் மறத்தல் ஆகாது.

பூங்காவின் முதற்பகுதி 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 85 ஏக்கர் பரப்பில், 1.3 மைல் நீளத்துக்கு அது கரையோரமாகப் பரந்துள்ளது. இடித்த கிடங்கின் பைன் மரங்களைக் கொண்டே இருக்கைகள் செய்தனர். 1922இல் செய்யப்பட்ட பழைய குதிரை இராட்டினம் ஒன்றை ஒரு குடும்பத்தார் பழுது நீக்கிக் கொடையாக அளிக்க, 2011 முதல் அது பாலத்தின் அருகே சுழன்று வருகிறது.

இடர்களும் எழாமல் இல்லை. பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றின் சுவர்கள் பூங்காவினுள் நின்றன. மைய அரசின் உதவி பெற்ற பூங்கா நிலமாதலால் அஃது என்றும் பொதுவெளியாகவே இருக்கச் சட்டம் காவல் செய்தது. அக்காவலை நீக்கி, நாடகக் குழு ஒன்றுக்கு அதனைத் தர முற்பட்டனர். மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2011இல் நீதிமன்றம் அச்செயல் முறையன்று எனத் தீர்ப்பளித்தது. பின்னர், ஈடாக வேறு நிலத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கிய பிறகே அரங்கம் அமைந்தது, 2015இல் திறக்கப்பட்டது. தென்கோடியில் ஆறாம் துறைமேடையின் அருகே இரண்டு உயர்ந்த குடியிருப்புகள் எழுவதையும் அண்டை மக்கள் எதிர்த்தனர். பூங்காவுக்குப் போதிய வருவாய் வந்துவிட்டது, இனிக் கட்டடம் எதற்கு என்பது அவர்கள் வாதம். தூண்களைக் காக்கவும் எதிர்காலத்துக்குச் சேமிக்கவும் பொருள் வேண்டும் என்பது நிருவாகத்தின் வாதம். 2018இல் தீர்ப்பு நிருவாகத்தின் பக்கம் அமைந்தது.

ஒரு வழக்கில் மக்கள் வென்றனர், மற்றொன்றில் தோற்றனர். இரண்டாலும் பயன் விளைந்தது என்பதே என் கருத்து. கேட்பாரின்றி விட்டால், குத்தகைக்குத் தந்த மூலை நாளடைவில் முற்றமாகும்; முற்றம் வீடாகும். பொதுமக்கள் வாயிற்படியில் நிற்பர். கேள்வி கேட்போர் இருந்தமையால், ஒவ்வொரு கட்டடத்துக்கும் காரணம் காட்ட வேண்டிய கடமை நிருவாகத்துக்கு உண்டாயிற்று. கூட்டு முயற்சியில் பொருள் தருபவர் ஒருவர், நிலம் தருபவர் ஒருவர் என்று மட்டும் எண்ணாதீர்கள். கண்காணிக்கும் மக்கள் மூன்றாம் பங்காளிகள். அவர்கள் உறங்கினால் மற்ற இருவர் செய்த ஒப்பந்தம் எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை.

உங்கள் ஊர் ஏரிக்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ இத்தகைய திட்டம் வருமானால், வண்ணப் படங்களைக் கண்டு மயங்கவும் வேண்டா. தனியார் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சவும் வேண்டா. மூன்று வினாக்களைக் கேளுங்கள். தனியாருக்குத் தரும் நிலத்தின் எல்லை எழுத்தில் உள்ளதா? அதனால் வரும் வருவாய் பூங்காவுக்கே செல்கிறதா. அக்கணக்கை எவரும் பார்க்க இயலுமா? கையில் காசில்லாத ஒருவர் உள்ளே சென்று, எவராலும் தடுக்கப்படாமல், நீரைப் பார்த்தபடி அமர்ந்திருக்க முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைக்குமானால் அத்திட்டத்துக்குத் துணை நில்லுங்கள். ஒன்றற்கேனும் விடை கிடைக்காவிடின், கிடைக்கும் வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள்.