‘கரண்ட் வைக்கலையா சார்?’

மூட்டுவலி என்று வருகிற அம்மாவிடம், “இன்னைக்கு மெஷின் வேண்டாம்மா. இந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றாம எழுந்து எழுந்து உட்காருங்க, எத்தனை தடவை முடியுதுன்னு எண்ணுவோம்” என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னால், அடுத்த நொடி வந்து விழும் கேள்வி இதுதான்: “கரண்ட் வைக்கலையா சார்?” தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத பிசியோ இருக்க முடியாது. ஈரப் பஞ்சு வைத்துக் கட்டும் ஐஎஃப்டி, ஜெல் தடவி வட்டம் வட்டமாகத் தேய்க்கும் அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம், கழுத்தை இழுக்கும் ட்ராக்‌ஷன். பிசியோ என்றாலே நம் மக்களுக்கு இவைதான். உடற்பயிற்சி? அது கிளம்பும்போது கையில் திணிக்கப்படும் ஜெராக்ஸ் தாள்.

ஆய்வுகள் சொல்வது கிட்டத்தட்ட தலைகீழ். அந்த அல்ட்ராசவுண்டையே எடுத்துக்கொள்வோம். வால்மா ராபர்ட்சன், கெரி பேக்கர் என்ற இருவர், 1975 முதல் 1999 வரை அதைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த 35 ஒப்பீட்டு ஆய்வுகளைச் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். ஒழுங்கான முறையில் நடத்தப்பட்டவை என்று தேறியவை பத்து. அந்தப் பத்திலும் இரண்டில் மட்டும்தான் அசல் சிகிச்சை போலிச் சிகிச்சையைவிட மேலாக இருந்தது. இது வெளியானது 2001-ல். 2014-ல் அமெரிக்க பிசியோதெரபி சங்கம், ‘தேவையில்லாமல் செய்யாதீர்கள்’ என்று ஐந்து விஷயங்களைப் பட்டியல் போட்டது. நோயாளி தானே உடம்பை அசைத்துச் செய்யும் பயிற்சிக்குத் துணையாக இல்லாமல் வெறும் சூடு, மின்சாரம் கொடுப்பது அதில் ஒன்று. வயதானவர்களுக்குப் பேருக்கு ஒரு பயிற்சி கொடுப்பது இன்னொன்று. அரைக் கிலோ மணல்பையைக் காலில் கட்டி, பத்துத் தடவை தூக்கச் சொல்லி, மூன்று மாதமானாலும் அதே அரைக் கிலோவில் நிறுத்தி வைப்பது நமக்குப் பழக்கமான காட்சி. சங்கம் சொன்னது அதைத்தான்.

இதெல்லாம் பிசியோக்களுக்குத் தெரியாதா? பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் மாறவில்லை என்பதுதான் விஷயம்.

ஆய்வுகள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1999 அக்டோபரில் சிட்னியில் ராப் ஹெர்பர்ட், ஆன் மோஸ்லி, கேத்தி ஷெரிங்டன், கிறிஸ் மாஹர் ஆகியோர் சேர்ந்து ‘பெட்ரோ’ என்ற தகவல் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். பிசியோதெரபி தொடர்பான ஒப்பீட்டு ஆய்வுகள், தொகுப்பாய்வுகள், சிகிச்சை வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒரே இடத்தில். காசு கிடையாது. ஒவ்வொரு ஒப்பீட்டு ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, வலியை அளந்தவருக்கு யார் எந்தச் சிகிச்சையில் இருந்தார் என்பது தெரியாமல் பார்த்துக்கொண்டார்களா, பாதியில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துப் போடும் மதிப்பெண் அது. அவசரத்தில் இருப்பவருக்கு எதை முதலில் படிப்பது என்று காட்டிவிடும். பெட்ரோவுக்குத் தமிழ்ப் பக்கமும் இருக்கிறது. நம் கல்லூரிகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று கேட்டால் சங்கடம்தான் மிஞ்சும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் வேலூர் சிஎம்சியிலேயே இயங்கி வந்திருக்கிறது. ஆக, சரக்கு இல்லை என்ற சாக்கு எப்போதோ செத்துப்போனது.

ஆனாலும் சரக்கு நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. 2019-ல் ஜோஷுவா சாட்ரோவும் அவரது சகாக்களும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எலும்பு, மூட்டு, தசைப் பிரச்சினைகளுக்கு பிசியோக்கள் வழிகாட்டுதல்படி நடக்கிறார்களா என்பதே கேள்வி. பிசியோக்களிடமே கேட்டு எடுத்த கணக்கெடுப்புகளில், பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையைத் தேர்ந்தவர்கள் இடைநிலை அளவில் 54 சதவீதம். ‘செய்யாதே’ என்று சொல்லப்பட்டதைத் தேர்ந்தவர்கள் 43 சதவீதம். அவர்களே வாயால் சொன்ன கணக்கு இது.

சோம்பல் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். 2003-ல் டயான் ஜெட் குழுவினர் அமெரிக்க பிசியோக்களிடம் கேட்டபோது, தடைகளில் முதலாவதாக வந்தது ‘நேரமில்லை’. நம் ஊரில் அதற்கு மேலும் சில முடிச்சுகள் உண்டு. மருத்துவரின் சீட்டில் ‘ஐஎஃப்டி, பத்து நாள்’ என்று எழுதியே வந்திருக்கும். நோயாளி சிட்டிங் கணக்கில் காசு கொடுக்கிறார். கொடுத்த காசுக்கு உடம்பில் ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். கிளினிக் வைத்தவர் கடன் வாங்கி மெஷின் வாங்கியிருப்பார். அது சும்மா கிடந்தால் தவணை யார் கட்டுவது? மாலை ஆறு மணிக்கு ஐந்து பேர் காத்திருக்கும்போது, நான்கு பேருக்கு மெஷினை மாட்டிவிட்டு ஒருவருக்குக் கையால் சிகிச்சை தருவது ஒன்றுதான் வண்டியை ஓட்டும் வழி. மெஷின் அங்கே சிகிச்சை மட்டுமல்ல, உதவியாளும்கூட. இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டு, “ராத்திரி வீட்டுக்குப் போய் நாலு கட்டுரை படி” என்று அறிவுரை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

போதாக்குறைக்கு, ஆய்வுகள் சொல்வது எப்போதும் மனசுக்கு உவப்பாக இருப்பதில்லை. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவிடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது இந்தத் தொழிலில் வேதவாக்கு மாதிரி. மெல்போர்னின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் இதைச் சோதித்தார்கள். ‘ஏவெர்ட்’ என்று பெயர். சிங்கப்பூர், மலேசியா உட்பட ஐந்து நாடுகள், 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். பாதிப் பேரை 24 மணி நேரத்துக்குள் படுக்கையிலிருந்து எழுப்பி, வழக்கத்தைவிட அடிக்கடி, கூடுதல் நேரம் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் வைத்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள், தீவிரமாக எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். அவசரம் கெடுதலாகிவிட்டது. அதற்காகப் படுக்கவே வைத்துவிடுங்கள் என்றும் அர்த்தமில்லை. அடுத்தடுத்த அலசலில், கொஞ்ச நேரமாக, ஆனால் பல தடவையாக எழுப்புவது பலன் தருவதாகத் தெரிந்தது. இந்த நுணுக்கம் வார்டில் நிற்பவருக்குப் போய்ச் சேராவிட்டால், அவர் பழைய வேதவாக்கிலேயே நிற்பார். அல்லது பயந்து நோயாளியைத் தொடவே மாட்டார். இரண்டுமே தப்பு.

இந்தியாவிலேயே நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு இன்னும் கசப்பு. பிசியோக்கள் எண்ணிக்கை போதாத நாட்டில், பக்கவாத நோயாளியின் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை தரச் சொன்னால் என்ன? கேட்கும்போதே சரி என்று படுகிற யோசனை. 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் சோதித்து, 2017-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் உதவியோடு வாழ்பவர்களும் சேர்த்து, குடும்பத்தார் பயிற்சி தந்த பக்கம் 47 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்த பக்கமும் 47 சதவீதம். வித்தியாசம் சுழியம். மகளிடமும் மருமகளிடமும் வேலையைத் தள்ளிவிட்டு அரசும் மருத்துவமனையும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது என்று நான் இதைப் படிக்கிறேன்.

சரி, எங்காவது இந்த இடைவெளியை அடைத்திருக்கிறார்களா? கனடாவின் கதை சொல்லத் தக்கது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் பெற்றோர் முதலில் கேட்பது, “பிள்ளை நடக்குமா?” என்றுதான். பதில் சொல்வதற்கு மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ‘கேன்சைல்ட்’ மையம் ஒரு கருவி வைத்திருந்தது. அசைவுத் திறனை வைத்துக் குழந்தைகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை, 1997-ல் வந்தது. 2002-ல் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்த நிலைக் குழந்தை எந்த வயதுக்குள் எவ்வளவு திறன் பெறும் என்று வரைபடமே போட்டார்கள். கருவி தயார், கட்டுரையும் பிரசுரம். ஆனாலும் சிகிச்சை அறைகளில் அது பரவலாகப் புழங்கவில்லை.

அப்போது டயான் ரஸல் குழு செய்தது எளிமையான காரியம். மூன்று மாகாணங்களில் 28 குழந்தைகள் மறுவாழ்வு நிறுவனங்களைத் தேர்ந்து, அங்கேயே வேலை செய்யும் பிசியோ ஒருவரை, ஆய்வுக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவே நிற்கும் ஆளாக நியமித்தார்கள். வேலை நேரத்திலேயே வாரத்தில் சிறிது நேரம் அவருக்கு ஒதுக்கித் தரப்பட்டது. சக ஊழியரோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பக் காட்டுவது, “இந்தப் பிள்ளை ரெண்டாம் நிலையா, மூணா?” என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது, எங்கே தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர்களிடம் திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான் பணி. கருவிகளின் பயன்பாடு உயர்ந்தது என்று 2010-ல் எழுதினார்கள். பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தருவதால் கேட்கக் கூச்சமில்லை என்பதும், அதற்கான நேரம் சம்பள நேரத்திலேயே வந்ததும்தான் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

டென்மார்க் வேறு வழியில் போனது. மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியும் விளக்கமும் முதல் சிகிச்சை என்று வழிகாட்டுதல்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. யாரும் செய்வதாக இல்லை. ஈவா ரூஸ், சோரன் ஸ்கோ இருவரும் 2013-ல் ‘கிளாட்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். பிசியோவுக்கு இரண்டு நாள் பயிற்சி. நோயாளிக்கு விளக்க வகுப்புகளும் மேற்பார்வையில் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகளும். எல்லாருடைய அளவீடுகளும் தேசியப் பதிவேட்டில் ஏறும்: 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார், 40 மீட்டரை எவ்வளவு வேகமாக நடந்தார். கட்டுரையை அப்படியே கையில் கொடுக்காமல், திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்கிற அளவுக்குப் பிசைந்து உருட்டிக் கொடுத்தார்கள். திட்டம் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிற்று.

இங்கே கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் 2022-ல் அதே டென்மார்க்கில் எலிசபெத் பண்டாக் குழு 206 பேரைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு பாதிக்கு இந்தப் பயிற்சித் திட்டம். மறு பாதிக்கு முழங்காலில் உப்புநீர் ஊசி, அதுவும் ‘இது வெறும் உப்புநீர்தான்’ என்று சொல்லியே போட்டது. வலி குறைந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை! பயிற்சியே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். சர்க்கரை, இதயம், தூக்கம் என்று பயிற்சி தரும் பலனை உப்புநீர் தராது. ஆனால் மெஷின் பக்தியின் இடத்தில் உடற்பயிற்சி பக்தியைக் கொண்டுவந்து உட்கார வைப்பதல்ல இந்த வேலை. சோதித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும்; அதைத் தனக்குப் பிடித்த சிகிச்சையின் மேலும் காட்ட வேண்டும்.

நம் ஊர் கிளினிக்கில் அந்தப் பழக்கத்தை எப்படித் தொடங்கலாம்? அந்த மூட்டுவலி அம்மாவிடமே வருவோம். 30 விநாடியில் எட்டுத் தடவை எழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சீட்டில் தேதியோடு எழுத வேண்டும். மணல்பையை, பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கியதும் இனி முடியாது என்கிற எடையில் கட்ட வேண்டும். முடிகிறது என்றால் அடுத்த வாரம் எடையைக் கூட்ட வேண்டும். கரண்ட் கேட்கிறாரா, சண்டை வேண்டாம். பத்து நிமிஷம் வைத்துவிட்டு, வலி அடங்கிய அந்த இடைவேளையில் பயிற்சியைச் செய்ய வைக்கலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணும்போது பன்னிரண்டு வந்தால் அடுத்த வாதத்தை அந்த அம்மாவே செய்துகொள்வார். எட்டிலேயே நின்றால், ஏன் என்று தேட வேண்டியது பிசியோ. பெட்ரோவைத் திறக்க அதைவிட நல்ல காரணம் வேறில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு வாகான களம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். அங்கே தவணை கட்ட வேண்டிய மெஷின் இல்லை. நாற்காலியும் சுவரும் படிக்கட்டும்தான் உபகரணம். இந்த உபகரணங்களுக்கு ஆய்வுச் சான்று பலமாகவே இருக்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோவில், 80 வயது தாண்டிய 233 பெண்களிடம் வீட்டுப் பயிற்சியைச் சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள். முதல் இரண்டு மாதங்களில் பிசியோ நான்கு முறை வீட்டுக்கு வந்தார்; கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி, கூடவே நடை. விழுவது குறைந்தது. 2019-ல் கேத்தி ஷெரிங்டன் குழு 108 ஆய்வுகளைத் தொகுத்தபோது, உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது என்று கணக்கு வந்தது.

வீட்டுக்குப் போகும் ஆள் நம்மிடம் இருக்கிறார். எத்தனை வீடு பார்த்தார் என்பதோடு, பாட்டி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார், போன மாதம் எத்தனை முறை விழுந்தார் என்று எழுத அவருடைய பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் கூட வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவரை, கனடாவில் செய்ததுபோல், வாரத்தில் அரை நாள் வீடுகளுக்கு அனுப்பாமல் சகாக்களோடு உட்கார வைக்க வேண்டும். அந்த அரை நாளுக்கும் சம்பளம் உண்டு என்று உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும்.