கம்பித் தாயும் துணித் தாயும்

மனித மனத்தைப் புரிந்துகொள்வதற்கு விலங்குகளை ஆராய்வது எந்தளவுக்கு உதவும் என்ற கேள்வி உளவியல் துறையில் நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. எலியையும் குரங்கையும் கூண்டில் அடைத்துப் பெற்ற முடிவுகளை மனிதருக்குப் பொருத்துவது தவறு என்போர் ஒருபுறமும், அவ்வாய்வுகள் இன்றேல் உளவியல் வளர்ந்திருக்கவே முடியாது என்போர் மறுபுறமுமாக நிற்கின்றனர். இதனைப் பொதுப்படையாக விவாதிப்பதைவிட, விலங்காய்வு ஒன்று மனிதக் குழந்தைகளின் வாழ்வைத் தொட்ட ஒரு வரலாற்றை நோக்குவது பயனுள்ளதாகும்.

கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில், குழந்தையை அதிகம் கொஞ்சுவது அதனைக் கெடுத்துவிடும் என்ற கருத்து மேலைநாட்டு நிபுணர்கள் மத்தியில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்க உளவியலாளரான ஜோன் வொட்சன் 1928 இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளை அணைக்கவோ முத்தமிடவோ வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறினார். தாய் பாலூட்டுவதாலேயே குழந்தை அவளை நாடுகின்றது, பசி தீர்ந்த பழக்கமே பாசமாக மாறுகின்றது என்பது அக்காலத்து விளக்கம். எமது பாட்டிமாரிடம் கேட்டிருந்தால் இதனைச் சிரித்தே தள்ளியிருப்பார்கள். ஆனால், பாட்டிமாரின் சொல் விஞ்ஞான சஞ்சிகைகளில் சான்றாக ஏற்கப்படுவதில்லை.

அச்சான்று விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கு றீசஸ் இனக் குரங்குகளை ஆராய்ந்துவந்த ஹரி ஹார்லோ, நோய் தொற்றாதிருக்கும் பொருட்டுக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டுகளில் வளர்த்தார். வயிறார உணவு கிடைத்த அக்குட்டிகள், கூண்டின் தரையில் விரிக்கப்பட்டிருந்த துணியை விடாது பற்றிக்கொண்டிருந்தன. துணியை மாற்றுவதற்கு அகற்றியபோது கதறின. இதனைக் கவனித்த ஹார்லோ இரண்டு பொம்மைத் தாய்களை அமைத்தார். ஒன்று வெறும் கம்பியால் ஆனது. மற்றையது மென்மையான துணியால் போர்த்தப்பட்டது. குட்டிகளில் ஒரு பகுதிக்குக் கம்பித் தாயிடம் மாத்திரமே பால் வைக்கப்பட்டது. பாலே பாசத்தின் ஊற்று என்றால் அக்குட்டிகள் கம்பித் தாயிடமே தங்கியிருக்க வேண்டும். அவையோ பசித்தபோது மட்டும் அங்கு சென்று குடித்துவிட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டியணைத்தபடியே கழித்தன. மேளமடிக்கும் இயந்திரக் கரடிப் பொம்மையைக் கூண்டுக்குள் விட்டபோது, அஞ்சிய குட்டி ஓடியது துணித் தாயிடமே. சற்று ஆறுதலடைந்ததும் அங்கிருந்தவாறே அது கரடியைத் திரும்பி நோக்கியது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் என்ற வகையில் 1958 இல் ஆற்றிய உரையில் ஹார்லோ இம்முடிவுகளை வெளியிட்டார்.

இதற்குக் குரங்குதான் வேண்டுமா என்று கேட்கலாம். தாயற்ற குழந்தைகள் இல்லங்களில் வாடுவதை மருத்துவர்கள் முன்னரே பதிவுசெய்திருந்தனர். பிரித்தானிய உளமருத்துவரான ஜோன் போல்பி 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையும் இதனையே கூறியது. ஆயினும் நோய், போசாக்கின்மை, பரம்பரைக் குறைபாடு என்று வேறு காரணங்களைக் காட்ட விமர்சகர்களால் முடிந்தது. ஒரே நிலையிலுள்ள குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு சாராரிடமிருந்து தாயைப் பறித்து எந்த ஆய்வாளராலும் இதனைச் சோதிக்க இயலாது. காரணத்தைத் தனிமைப்படுத்திக் காட்டும் வேலையை விலங்காய்வே செய்தது. வாத்தினக் குஞ்சுகள் பற்றிய கொன்ராட் லோரன்ஸின் அவதானிப்புகளிலிருந்தும் ஹார்லோவின் குரங்குகளிலிருந்தும் பெற்ற வலுவுடனேயே போல்பி தமது பற்றுறவுக் கோட்பாட்டை வகுத்தார். அக்காலத்தில் பிரித்தானிய வைத்தியசாலைகளில் நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதனைத் தளர்த்துமாறு 1959 இல் பிளட் குழுவின் அறிக்கை பரிந்துரைத்தது. எமது வைத்தியசாலைகளின் சிறுவர் விடுதிகளில் தாய் உடன் தங்குவதை நாம் இயல்பாகவே கருதுகின்றோம். அங்கோ அதற்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

எனினும் குரங்கு மனிதனாகிவிடாது. குரங்குக் குட்டி பிறந்தவுடனேயே தாயைப் பற்றிக்கொள்கின்றது. மனிதக் குழந்தையின் பற்றுறவு பல மாதங்களில் படிப்படியாக உருவாகின்றது. தவிரவும், கூண்டில் வாழும் விலங்கு அதன் இயல்பு வாழ்வைக் காட்டுவதில்லை. இவ்விடத்தில் பொலன்னறுவையை நினைவுகூரலாம். இலங்கைக்கே உரிய செங்குரங்குகளை வொல்ப்காங் டிட்டஸ் 1968 முதல் அங்கு, எந்தக் கூண்டுமின்றி, தலைமுறை தலைமுறையாக அவதானித்தார். உணவு குன்றும்போது குழுவில் தாழ்நிலையிலுள்ள இளையவையே ஒதுக்கப்பட்டு அதிகம் இறப்பதை அவரது பதிவுகள் காட்டின. கூண்டு காரணத்தைச் சொல்லும். காடு வாழ்வைச் சொல்லும். இரண்டும் வேண்டும்.

ஆகவே குரங்கில் கண்டது மனிதரிலும் உண்டா என்பதைத் தனியே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதற்கான துயரமான வாய்ப்பை ருமேனியா அளித்தது. 1989 இல் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, அங்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் அரச இல்லங்களில் இருந்தமை வெளியுலகுக்குத் தெரியவந்தது. புக்கரெஸ்ட் நகரில் 2000 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட ஆய்வில் 136 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். குடும்பத்தில் வளர்ந்தோரின் அறிவாற்றல் மேம்பட்டிருந்ததையும், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்னர் சென்றோர் கூடிய பயன் பெற்றதையும் 2007 இல் வெளியான முடிவுகள் காட்டின.

ஹார்லோவின் பிற்கால ஆய்வுகளை எவரும் இலகுவில் மன்னிக்கமாட்டார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என முற்றாகத் தனிமைப்படுத்தப்பட்ட குட்டிகள் தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின. தம் உடலைக் கடித்துக்கொண்டன. தாயன்பு இன்றியமையாதது என்பது நிறுவப்பட்ட பின்னரும் அச்சோதனைகளைத் தொடர்ந்தது அறிவுத்தேடல் எனக் கொள்ளத்தக்கதல்ல என்பதே எமது கருத்து. அவை விலங்குரிமை இயக்கத்தினரின் கடும் கண்டனத்துக்கு இலக்காகியதில் வியப்பில்லை.

ஆயினும் அத்தொடரின் இறுதியில் பெறப்பட்ட ஒரு முடிவு எமக்குப் பெரிதும் பொருந்துவதாகும். யுத்தமும் 2004 இன் ஆழிப்பேரலையும் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான பிள்ளைகளை இல்லங்களுக்கு அனுப்பின. பெற்றோரில் ஒருவர் உயிருடனிருந்தும் வறுமையினால் அங்கு சேர்க்கப்பட்டோர் பலர். உணவும் உடையும் பாடசாலையும் அங்கு கிடைத்தன. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இல்லங்கள் பெரும்பாலும் தனித்தனியே இயங்குவதனால் அண்ணனும் தங்கையும் பிரிய நேர்ந்ததை எவரும் பெரிதாகக் கருதவில்லை. ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் 1970களின் ஆரம்பத்தில், ஆறு மாதம் தனிமையில் வாடிய குரங்குகளுடன் தம்மிலும் இளைய, இயல்பாக வளர்ந்த குட்டிகளை விளையாட விட்டனர். மூலையில் ஒடுங்கியிருந்தவற்றை அச்சிறு குட்டிகள் சென்று தொற்றிக்கொண்டன. சில மாதங்களில் பெரியவை தேறி, அவற்றுடன் சேர்ந்து விளையாடத் தொடங்கின.