வாசனை வழி – 9: மணலுக்குள் ஒரு மரவாசம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் நிலம் நீண்டு கிடக்கிறது. தியாகவல்லி, நொச்சிக்காடு போன்ற ஊர்கள் அதில் இருக்கின்றன. சவுக்கு, மல்லாட்டையோடு அங்கே ஒரு புல்லையும் பயிர் செய்கிறார்கள். அதன் தோகையைக் கசக்கி முகர்ந்தால் வெறும் பச்சை வாசம்தான் வரும். சரக்கு முழுவதும் மண்ணுக்குள் இருக்கிறது. அதுதான் வெட்டிவேர்.

மரவாச எண்ணெய் என்றதும் சந்தனமும் அகிலும் தேவதாருவும் நினைவுக்கு வரும். வெட்டிவேர் மரமே அல்ல. ஆனாலும் வாசனைத் தொழிலில் அதன் எண்ணெய்க்கு மரவாச வரிசையில்தான் இடம். சந்தனத்தில் வைரம் பாயப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்தப் புல் ஓராண்டில் வேரைக் கொடுத்துவிடும். எண்ணெய்க்கென்றே வளர்ப்பவர்கள் பதினைந்து, பதினெட்டு மாதம் வரை விட்டுவைப்பார்கள்.

இதற்கு மணல்தான் வேண்டும். களிமண்ணிலும் வெட்டிவேர் வளரும், ஆனால் தோண்டும்போது பாதி வேர் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். கடற்கரை மணலில் தூரோடு பெயர்த்து உதறினால் வேர் சடைசடையாக, நீளம் குறையாமல் வருகிறது. மண் போக அலசி, நிழலில் உலர்த்திக் கட்டாகக் கட்டுகிறார்கள். நம் பக்கத்து வகை விதை வைப்பதில்லை என்பதால் தூரைப் பிரித்து நாற்றாக நடுவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. ஒரு பலா மறுபடி காய்ப்பதற்குள் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை அந்த மாவட்டத்துக்காரர்கள் அறிவார்கள். காற்றில் முறியக் கிளையில்லாத, ஓராண்டில் காசாகிற பயிரின் அருமை அங்கேதான் புரியும்.

வேரிலிருந்து எண்ணெய் எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. வேரை நறுக்கி, நீரில் ஊறவைத்து, கொதிகலனில் அடைத்து நீராவி விடுகிறார்கள். வெட்டிவேரின் மணப்பொருள்கள் கனமானவை, எளிதில் ஆவியாகாதவை. முதலில் இலேசானவை வந்துவிடும். எண்ணெய்க்குத் தரம் கொடுக்கிற கனமான பங்கு கடைசியில்தான் இறங்கும். இரவு பகலாக எரிக்க விறகு போதாமல் நடுவில் நிறுத்தினால் எண்ணெய் மெலிந்துபோகும். அதன் அடர்த்தியும் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான் என்பதால் இரண்டும் சட்டென்று பிரிவதில்லை. இத்தனைக்கும் பிறகு நூறு கிலோ உலர்ந்த வேருக்குக் கிடைப்பது ஒரு கிலோவை ஒட்டித்தான். வட இந்தியாவின் கன்னோசியில் செப்புப் பாத்திரத்தில் வடிக்கிற வெட்டிவேர் எண்ணெயான ‘ரூ கஸ்’ பச்சையாக இருப்பது செம்பு சேர்வதால். உலகச் சந்தைக்கு மிகுதியாக எண்ணெய் அனுப்புவது கரீபியக் கடல் நாடான ஹைத்தி. பாரிஸின் கார்வென் நிறுவனம் 1957-இல் வெட்டிவேரின் பெயரிலேயே ஓர் ஆண்கள் வாசனையை வெளியிட்டது. ஆனால் வேரை வேராகவே எடைக்குப் போட்டால் விவசாயியின் கைக்கு வேரின் விலைதான் வரும். அந்த மணல் ஊர்களுக்குப் பக்கத்திலேயே நல்ல வடிகலன்கள் பெருக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வீட்டுக்கு வருவோம். முதலில் வேர், குப்பி எண்ணெய் பிறகுதான் என்பது என் உறுதியான எண்ணம். வெட்டிவேர் எண்ணெய் தண்ணீரில் கரையாது. மண்பானையில் வேரை முடிந்து போட்டால் தண்ணீர் மிகக் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்கிறது. நாம் குடிப்பது அந்தச் சாயல் மணத்தைத்தான். அதனால்தான் ஒரே முடிச்சை அலசி வெயிலில் காயவைத்து மறுபடி பானையில் போட முடிகிறது. இதே காரணத்தால் குப்பி எண்ணெயைக் குடிநீரில் சொட்டுவது கூடாது. அது கலக்காமல் தனியாக நின்று, வாயில் பட்டால் எரியும். உள்ளுக்கு எடுக்கவே வேண்டாம்.

எண்ணெயோடு வேர் சேரும்போது நிலைமை வேறு. அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில், நறுக்கி மொறமொறவென்று காய்ந்த வேர் ஒரு கைப்பிடி போட்டு, பாத்திரத்தின் வாயில் துணி கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்து வடிகட்டினால் தலைக்கு அருமையான எண்ணெய். வேரில் ஈரமிருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். நலங்கு மாவில் பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழோடு அரைபடும்போதும், கோயில் திருமஞ்சனப் பொடியில் ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரத்தோடு சேரும்போதும் வெட்டிவேரின் வேலை ஒன்றுதான்: ஓடிப்போகிற மணங்களைப் பிடித்து நிறுத்துவது. ஆண்டுக்கு ஆறு முறை நடராசருக்கு மகாபிஷேகம் நடக்கிற சிதம்பரத்தில் சந்தனத்தின் பெருமையைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சந்தனத்தோடு இழைகிற மணங்களில் வெட்டிவேருக்கு முதலிடம் கொடுப்பேன்.

குப்பி எண்ணெயைக் கலக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் அளவு: 30 மில்லி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய்க்கு வெட்டிவேர் 3 சொட்டு, சந்தனம் 2 சொட்டு, எலுமிச்சம்புல் 1 சொட்டு. மொத்தம் ஆறு சொட்டைத் தாண்ட வேண்டாம். தடவியதும் எலுமிச்சம்புல் முன்னால் வந்து சீக்கிரம் போய்விடும். சந்தனமும் வெட்டிவேரும் மாலைவரை தோலில் நிற்கும். முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு கவனம். விலாமிச்சை வேர் வேறு. அது துளசிக் குடும்பத்துச் செடி. அடுத்து, எண்ணெய் வடித்த சக்கை வேர் பார்வைக்கு நல்ல வேர் மாதிரியே இருக்கும். ஒரு வேரை நனைத்துக் கசக்கி முகருங்கள். ஈரமண்ணும் மரமும் கலந்த மணம் உடனே எழ வேண்டும். நல்ல எண்ணெய் கெட்டியாக, பழுப்பு நிறத்தில் மெதுவாக இறங்கும். ஒளி படாத கண்ணாடிக் குப்பியில் வைத்தால் ஆண்டுகள் போகப் போக மணம் மெருகேறும். மார்கழிக் குளிரில் சொட்டாமல் அடம்பிடித்தால் குப்பியை வெந்நீரில் சற்று நேரம் நிற்கவைத்தால் போதும்.

(தொடரும்)